கர்மேலும் ஓரேபும்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கன்வென்ஷனில் சாட்சி சொல்கிறவர்கள் எல்லாரும் தேவபிரசன்னத்தை உணர்ந்தேன் என்கிறார்கள், நான் பழைய ஏற்பாட்டைத் திறந்தால் வம்ச அட்டவணையும் யுத்தமும்தான் கண்ணில் படுகின்றன என்று எழுதியிருக்கிறாய். ஆதியாகமத்தில் உற்சாகமாகத் தொடங்கி லேவியராகமத்தில் நின்றுபோகிறவர்கள் நம் சபையில் நிறையப் பேர். நீ அந்த வரிசையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு 1 இராஜாக்கள் 18, 19 ஆகிய இரண்டு அதிகாரங்களையும் ஒரே மூச்சில் வாசி. பிரசங்கங்களில் பெரும்பாலும் ஒன்றை மட்டும்தான் எடுப்பார்கள். சேர்த்து வாசித்தால்தான் விஷயம் பிடிபடும்.

முதலில் கர்மேல் மலை. மழையில்லாமல் நாடு காய்ந்து கிடக்கிறது. ராஜாவான ஆகாபே குதிரைகளுக்குப் புல் தேடி அலைகிறான். பலியின் மேல் அக்கினி அனுப்பும்படி பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேர் காலையிலிருந்து கூப்பிட்டும் பதில் இல்லை. கர்த்தரின் தீர்க்கதரிசியான எலியா 12 கற்களை எடுத்துப் பலிபீடத்தைக் கட்டி, சுற்றிலும் வாய்க்கால் வெட்டி, நான்கு குடம் தண்ணீரை மூன்று தடவை ஊற்றச் சொல்கிறார். அந்த வறட்சியில் தண்ணீர் என்ன விலை பெறும் என்று நினைத்துக்கொண்டு வாசி. அவருடைய ஜெபமோ இரண்டே வசனம். அக்கினி இறங்கி விறகு, கல், மண், வாய்க்கால் தண்ணீர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறது. ஜனங்கள் முகங்குப்புற விழுகிறார்கள். அதற்கடுத்து கீசோன் ஆற்றங்கரையில் நடக்கும் கொலை உன்னை உறுத்தினால் உறுத்தட்டும். அவசரப்பட்டு சமாதானம் தேடாதே.

இனி அடுத்த அதிகாரம். அந்த அக்கினி அரண்மனையை அசைக்கவில்லை. ஆகாபின் மனைவி யேசபேல் ஆள் அனுப்பி மிரட்டியதும் எலியா உயிருக்குப் பயந்து பெயெர்செபாவுக்கு ஓடுகிறார். அங்கிருந்து வனாந்தரத்தில் ஒரு நாள் நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, செத்தால் போதும் என்கிறார். அப்படியே தூங்கியும் போகிறார். தூதன் தொட்டு எழுப்பும்போது தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கின்றன. அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். விசுவாசம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. தூதன் மறுபடியும் வந்து சாப்பிடத்தான் சொல்கிறான். வானத்திலிருந்து அக்கினி அனுப்பினவர் இங்கே அடை சுட்டுக் கொடுக்கிறார். இதையும் தேவவல்லமைக் கணக்கில் எழுதிக்கொள்.

அந்தச் சாப்பாட்டின் பலத்தில் 40 நாள் நடந்து ஓரேபுக்குப் போகிறார். மோசே முட்செடியில் அக்கினியைக் கண்ட மலை அது. அதே மலையில் இப்போது பெருங்காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி எல்லாம் வருகின்றன. கர்த்தரோ அவற்றில் இல்லை. அக்கினிக்குப் பின் ஒரு மெல்லிய சத்தம் வருகிறது. மோசேக்குக் கிடைத்தது எலியாவுக்குக் கிடைக்கவில்லை, எலியாவுக்குக் கர்மேலில் கிடைத்தது எலியாவுக்கே இங்கே கிடைக்கவில்லை. அப்படியிருக்க, அடுத்தவருடைய சாட்சியை அளவுகோலாக வைத்து உன் வேதவாசிப்பை நீ ஏன் அளக்க வேண்டும்?

இன்னொன்றையும் கவனி. அந்த மெல்லிய சத்தத்துக்கு முன்னும் பின்னும் கர்த்தர் ஒரே கேள்வியைக் கேட்கிறார். எலியா இரண்டு தடவையும் அதே குறையைத்தான் சொல்கிறார்: நான் ஒருவன் மட்டுமே மீந்திருக்கிறேன். அத்தனையும் கண்ட பிறகும் அவர் மனம் மாறவில்லை. கர்த்தர் கோபிக்காமல் வேலை கொடுக்கிறார்: ஆசகேல், யெகூ, எலிசா ஆகிய மூவரை அபிஷேகம் பண்ணு, பாகாலுக்கு முழங்கால் முடக்காதவர்கள் 7,000 பேர் இருக்கிறார்கள். எலியா இறங்கிப்போய், ஏர் உழுதுகொண்டிருந்த எலிசாவின் மேல் தன் சால்வையைப் போடுகிறார். மற்ற இரண்டு காரியங்களும் பின்னால் எலிசாவின் நாளில்தான் நடந்தேறுகின்றன.

யூதர்களின் ஜெபஆலயங்களில் ஆரோனின் பேரன் பினெகாசைப் பற்றிய தோராப் பகுதிக்குத் துணையாக இந்த ஓரேப் பகுதியை வைத்திருக்கிறார்கள். பினெகாஸ், எலியா இருவரும் வைராக்கியக்காரர்கள். வைராக்கியத்தை மெச்சுகிற அதே வேதம் அதைத் தனியே கூப்பிட்டு விசாரிக்கவும் செய்கிறது.

ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான். வாய்விட்டு, மெதுவாக வாசி. கர்த்தர் என்ன செய்தார் என்பதை மட்டும் ஒரு நோட்டில் குறி: கேட்டார், ஊட்டினார், அனுப்பினார். மனம் வறண்ட நாளில் 88ஆம் சங்கீதத்தை எடு. அது இருளிலேயே முடிகிறது. அதையும் ஆராதனைப் பாட்டாகவே காத்துவந்திருக்கிறார்கள். எனவே உன் முறையீட்டை மறைத்துக்கொண்டு ஜெபிக்க வேண்டிய அவசியமில்லை. வேதத்தை மூடும்போது, இன்று யாருக்கு நான் அடை சுட வேண்டும் என்று கேட்டுக்கொள். பிரசன்னத்தை உணர்ந்தாயா என்று நான் கேட்கப்போவதில்லை. அந்த ஆள் யார், போய்ப் பார்த்தாயா என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் பெரியப்பா