துப்பறிவாளர் வேண்டாம்

கேள்வி: தத்துப்பெண் ஒருத்தி பெற்ற தாயைத் தேடுவதாக மர்ம நாவல் எழுதுகிறேனுங்க. துப்பறிவாளரே போய் ஆவணத்தை வாங்கி வரலாமுங்களா?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: முடியாதுங்க. 2022 தத்தெடுப்பு விதிமுறைகள் மூன்றாம் ஆள் தேடுவதை அனுமதிப்பதில்லை. 18 வயதாகிவிட்டால் அவளே விண்ணப்பிக்கலாம். ஒப்படைத்தபோது தாய் 'என் பெயர் தெரிய வேண்டாம்' என்று கேட்டிருந்தால், இப்போது அவர் சம்மதமும் வேண்டும். (கார் துரத்தலெல்லாம் இதற்கு முன் எம்மாத்திரம்!)

நாயகியை, 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தில் வந்தவளாக்கினால் முடிச்சு இன்னும் இறுகும். இரவோடிரவாகத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போனவர் கையெழுத்தா வைத்திருப்பார்?

எழுதுமுன் சுஜாதாவின் 'அமுதாவும் அவனும்' சிறுகதையைப் படித்துவிடுங்கள். மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) அதிலிருந்து வந்ததுதான்.