தைலக் குப்பியின் வரவு செலவு



நம் வீடுகளில் சுவாமி அறை இருப்பது போலவே, தைலம் வைக்கும் தட்டு ஒன்றும் இருக்கும். அமிர்தாஞ்சனம், சித்தாலேப, கோடாலித் தைலம், யூகலிப்டஸ் தைலம், புலி மார்க் தைலம் என ஏதாவது ஒன்று அங்கே இருந்தே தீரும். ஊரை விட்டு அகதிகளாகப் புறப்பட்ட நம்மவர்களின் பைகளிலும், உடுப்புகளுக்கும் பத்திரங்களுக்கும் நடுவே ஒரு குப்பி இருந்தது. தடிமன், தலையிடி, சுளுக்கு, பூச்சிக்கடி எதுவானாலும் நம் கை முதலில் போவது அதற்குத்தான். இக்குப்பிகள் எதைச் செய்யும், எதைச் செய்யா, எங்கே ஆபத்தாகும் என்பதை இம்முறை ஒழுங்காகப் படித்துக்கொள்வோம்.

1. குப்பி வந்த வழி

இன்று யாங்கோன் எனப்படும் ரங்கூன் நகரின் நடுப்பகுதியில் லத்தா என்றொரு வட்டாரம் உண்டு. அடுத்துள்ள லான்மடோவுடன் சேர்ந்து சீனர் தெருக்கள் அமைந்த பகுதி இது. இதன் கிழக்கு எல்லையில், முன்பு சூரத்தி பஜார் எனப்பட்ட தெயின்ஜீ சந்தையில் இன்றும் மூலிகை வியாபாரம் நடக்கிறது. அதற்கும் கிழக்கே, 1871இல் தமிழர் எழுப்பிய காளியம்மன் கோயில் இருக்கிறது. 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ரங்கூன் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். சீன வைத்தியமும் நம் நாட்டு வைத்தியமும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் நடந்த ஊர் அது.

சீனாவின் பூஜியன் பகுதியிலிருந்து ரங்கூனுக்கு வந்த ஆவ் சூ கின் என்ற வைத்தியர், 1870களில் அங்கே ஒரு மருந்துக்கடை தொடங்கினார். 1908இல் அவர் காலமான பின், ரங்கூனிலேயே பிறந்த அவருடைய மக்கள் ஆவ் பூன் ஹாவும் ஆவ் பூன் பாரும் தந்தையின் தைலத்தைச் செம்மைப்படுத்தி விற்றார்கள். "ஹாவ்" என்றால் புலி. புலிச் சின்னம் வந்தது அப்படித்தான். 1926இல் தொழில் சிங்கப்பூருக்கு மாறியது. நம் பக்கத்திலும் இதே போன்றதொரு வரலாறு உண்டு. 1893இல் பம்பாயில் நாகேஸ்வர ராவ் தொடங்கிய அமிர்தாஞ்சனம் பின்னர் சென்னைக்கு வந்தது. கடலும் மொழியும் வேறானாலும், இரண்டிலும் முக்கியமான சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

2. உள்ளே இருப்பது என்ன?

பெரும்பாலான தைலங்களில் கற்பூரமும், புதினா இனத்திலிருந்து வரும் மென்தாலும் இருக்கும். யூகலிப்டஸ், கிராம்பு, கஜபுட்டி போன்ற எண்ணெய்களும் சேர்வதுண்டு. சிலவற்றில் மெதில் சாலிசிலேற்று என்ற விண்டர்கிரீன் எண்ணெயும் உண்டு. "இயற்கையானது" என்று மேலட்டை சொன்னாலும், இவை யாவும் வீரியமுள்ள மருந்துகள் என்பதை மனத்திற் கொள்ள வேண்டும்.

3. வரவுப் பக்கம்

மென்தால் நம் தோலைக் குளிர வைப்பதில்லை. குளிரை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டிவிடுகிறது; மூளை அதைக் குளிர்ச்சி என்று எடுத்துக்கொள்கிறது. வெப்பத்தையும் குளிரையும் உடல் உணரும் இந்த வழியைக் கண்டறிந்த ஆய்வுகளுக்கு 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆகவே தசைப்பிடிப்பிலும் சாதாரணத் தலையிடியிலும் நாம் காணும் சுகம் வெறும் நம்பிக்கையன்று. பெரியவர்கள், காயமில்லாத தோலில், சிறிதளவு பூசிக்கொள்வதில் தவறில்லை.

4. செலவுப் பக்கம்

தடிமனில் மென்தால் மூக்கைத் திறந்துவிட்டது போல உணர்கிறோம். அளந்து பார்த்தால் அடைப்பு அப்படியே இருக்கும். அதாவது, தைலம் நோயின் உணர்வைக் குறைக்கிறது, நோயைக் குறைப்பதில்லை. பிள்ளை மூச்செடுக்கச் சிரமப்படும்போது நெஞ்சில் தைலம் தேய்த்துவிட்டு விடியும்வரை காத்திருப்பது இதனாலேயே ஆபத்தானது.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கற்பூரமோ மென்தாலோ சேர்ந்த தைலம் வேண்டாம். மூக்கருகே பூசினால் தொண்டை இறுகி மூச்சு தடைப்படக்கூடும். சிறு பிள்ளைகளுக்குக் கொதிநீர்ச் சட்டியில் ஆவி பிடிப்பதும் வேண்டாம். சட்டி கவிழ்ந்து உடல் வெந்துபோகும் விபத்துகள் இதனால் நேர்கின்றன. கண், வாய், திறந்த புண் ஆகியவற்றுக்கு எந்த வயதிலும் தைலம் ஆகாது. தைலம் பூசிய இடத்தின்மேல் சூட்டு ஒத்தடமும் கொடுக்கக் கூடாது.

5. ஒரு சிறு கணக்கு

கணக்கு எழுதுவது எம் தொழில் ஆகையால், இதையும் எண்ணிலேயே காட்டுகிறோம். புலி மார்க் தைலத்தின் சிறு குப்பி 19.4 கிராம். கற்பூரத்தின் அளவு நாட்டுக்கு நாடு மாறும். சில நாடுகளில் 25 வீதம். அப்படியானால் ஒரு குப்பியில் 4.85 கிராம் கற்பூரம் இருக்கிறது. சிறு குழந்தை ஒரு கிராம் அளவு கற்பூரத்தை விழுங்கினாலே உயிருக்கு ஆபத்து. குப்பியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போதும்.

இந்த ஆபத்தைக் கருதியே அமெரிக்க அரசு 1980களின் தொடக்கத்தில் இத்தகைய மருந்துகளில் கற்பூரத்தை 11 வீதத்துக்கு மட்டுப்படுத்தியது. விண்டர்கிரீன் எண்ணெயின் கணக்கு இதைவிடக் கடுமையானது. கலப்பில்லாத அந்த எண்ணெய் ஒரு தேக்கரண்டி, 20க்கும் மேற்பட்ட அஸ்பிரின் வில்லைகளுக்குச் சமம்.

சுவாமி அறையில் நாம் வைக்கும் கற்பூரத்தில் 11 வீதம், 25 வீதம் என்ற பேச்சே இல்லை, முழுவதும் கற்பூரம்தான். பிள்ளையின் கண்ணுக்கு அது வெள்ளை மிட்டாய். நியூயோர்க்கின் பிரோங்ஸ் பகுதியில் கற்பூரத்தால் வலிப்புக் கண்ட மூன்று சிறு பிள்ளைகளைப் பற்றி 2009இல் ஒரு மருத்துவ ஏடு எழுதியது. புலம்பெயர்ந்த குடும்பங்களின் வீடுகளில் கற்பூரம் கைக்கெட்டும் இடத்தில் இருப்பதை எண்ணிப் பார்த்தால், இச்செய்தி நமக்கும் உரியதே.

6. அவசர வேளையில்

(அ) சுட்ட புண்: உடனே ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடிக்கவும். தைலம், பற்பசை, வெண்ணெய், பனிக்கட்டி எதுவும் வேண்டாம். பின்னர் சுத்தமான மெல்லிய துணியால் தளர்வாக மூடவும். புண் பெரிதென்றாலும், முகத்திலோ கையிலோ பட்டாலும் வைத்தியசாலைக்குப் போகவும்.

(ஆ) வெட்டுக்காயம்: சுத்தமான நீரால் கழுவி, துணியால் அழுத்திப் பிடிக்கவும்.

(இ) தைலமோ கற்பூரமோ விழுங்கினால்: வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். "இப்போது நன்றாகத்தானே விளையாடுகிறான்" என்று பார்த்திருக்காமல், உடனே அவசர சேவையை அழைத்து, குப்பியையும் கையோடு கொண்டு செல்லவும்.

(ஈ) நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கழுத்து விறைப்புடன் காய்ச்சல்: தைலத்தில் ஒரு நிமிடமும் செலவிட வேண்டாம்.

7. இவ்வாரம் செய்ய வேண்டியவை

தைலத் தட்டையும் சுவாமி அறையையும் ஒருமுறை கணக்கெடுங்கள். பெயரும் அளவும் அழிந்த குப்பிகளை அகற்றுங்கள். தைலத்தை வேறு போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். மீதியைப் பூட்டி வையுங்கள். கற்பூரத்தையும் அதனுடன் வையுங்கள். நாட்டின் அவசர எண்ணையும், நச்சு ஆலோசனைச் சேவை இருந்தால் அதன் எண்ணையும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மம்மா, அப்பாச்சிமாருக்கு இக்கட்டுரையை வாசித்துக் காட்டுங்கள். தைலத்தைத் தேய்ப்பது பெரும்பாலும் அவர்கள் கைதான். அந்தக் கைகளில் குறையேதும் இல்லை. எதற்குத் தேய்க்கலாம், எதற்குத் தேய்க்கக் கூடாது என்பதை அவர்களும் அறிந்திருந்தால், குப்பி நம் வீட்டில் நல்ல துணையாகவே இருக்கும்.

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம். எல்லா இல்லங்களிலும் பிள்ளைகள் நலமே வளர இறைவன் அருள் புரிவானாக.