குறி விழுந்தால் குறைபாடா?

கேள்வி: என் மகன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான், ஏழு வயது முடியப்போகிறது. வீட்டில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ் மீடியம். போன மாதம் வெளியிலிருந்து சிலர் வந்து, ஒவ்வொரு பிள்ளையையும் இருபது நிமிடம் உட்காரவைத்து ஏதோ படிக்கச் சொல்லி, எழுதச் சொல்லிப் பார்த்தார்களாம். இவன் தாளில் 'டிஸ்லெக்ஸியா, அதிக வாய்ப்பு' என்று சிவப்பு மையில் எழுதி அவன் கையிலேயே கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வகுப்பு டீச்சர், "வேற ஸ்கூல் பாத்துக்கலாமே" என்கிற தோரணையில் பேசுகிறார். என் கணவரோ, இந்த டெஸ்ட் எல்லாமே பணம் பிடுங்கும் வேலை என்கிறார். அவர் சொல்வதையும் தள்ள முடியவில்லை. என் அம்மாவுக்கு 52 வயது. கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு வரச் சொல்லி ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் கூப்பிட்டும், "நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று போகவில்லை. இப்போது என் தம்பி அம்மாவுக்காக, புற்றுநோய் ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் சேர்ந்த பெரிய ஹெல்த் செக்கப் ஒன்றுக்குப் பணம் கட்டியிருக்கிறான். எதை நம்புவது, எதை விடுவது?
— ஒரு தாய், தென்காசி மாவட்டம்

பதில்: சகோதரி, இந்தப் பிள்ளையை இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள் என்பதுதான் அந்தத் தாள் சொல்கிற சேதி. அதற்கு மேல் சொல்ல அதற்குத் தகுதி இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் இருபது நிமிடம் பார்த்துவிட்டு டிஸ்லெக்ஸியா என்னும் வாசிப்புக் குறைபாடு உண்டு, இல்லை என்று முடிவு கட்ட முடியாது. அதைச் சிவப்பு மையில் எழுதிப் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்பியது தவறு. டீச்சர் பேசியது அதைவிடப் பெரிய தவறு.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. 1000 பிள்ளைகளில் 100 பேருக்கு உண்மையிலேயே வாசிப்புக் குறைபாடு இருக்கிறது என்று வையுங்கள். பரிசோதனை ஓரளவு நல்ல பரிசோதனைதான்: குறைபாடு உள்ள நூறு பேரில் 80 பேரைக் கண்டுபிடித்துவிடும், இல்லாத நூறு பேரில் 80 பேரை 'இல்லை' என்று சரியாக அனுப்பிவிடும். அப்படியானால் அந்த 100 பேரில் 80 பேர் மேல் குறி விழும். மீதமுள்ள 900 பேரில் 180 பேர் மேலும் விழும். ஆகமொத்தம் 260 தாள்களில் சிவப்பு மை. அதில் உண்மையான குறைபாடு 80 பேருக்குத்தான், மூன்றில் ஒருவர்கூட இல்லை. 'அதிக வாய்ப்பு' என்ற சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படிப்பட்ட கணக்குதான் இருக்கும். இதே கணக்கில் இன்னொன்றையும் கவனியுங்கள். குறைபாடு இருந்தும் 20 பிள்ளைகள் 'ஒன்றுமில்லை' என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். வகுப்பில் சத்தமே போடாத, பாடத்தை அப்படியே மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடுகிற பிள்ளைகள் இப்படித் தப்பிப்போவது உண்டு. எனக்கு அவர்களைப் பற்றிய கவலைதான் அதிகம்.

உங்கள் மகனுக்கு வருகிறேன். முதலில் காதையும் கண்ணையும் பாருங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்து நிற்கும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, காது மட்டும் மந்தமாகிவிடும். 'ப'வுக்கும் 'ம'வுக்கும் ஒலி வேறுபாடு சரியாக விழாத பிள்ளை எழுத்தில் தடுமாறத்தான் செய்யும். ஹீமோகுளோபின் எவ்வளவு, வாயால் மூச்சுவிட்டுக் குறட்டையோடு தூங்குகிறானா என்பதையும் மருத்துவர் பார்க்கட்டும். மத்திய அரசின் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் 2013 முதல் அரசுப் பள்ளிகளுக்கு நடமாடும் மருத்துவக் குழு வந்து பார்க்கிறது. உங்கள் மகன் தனியார் பள்ளியில் படித்தாலும் அரசு மருத்துவமனையில் இவற்றைக் காட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது மொழி. அவனைப் படிக்கவைத்துப் பார்த்தது ஆங்கிலத்திலா, தமிழிலா என்று பள்ளியில் கேளுங்கள். வீட்டில் ஆங்கிலமே காதில் விழாத ஒரு பிள்ளை ஆங்கில வாசிப்பில் பின்தங்கினால், அவனுக்கு ஆங்கிலம் போதவில்லை என்பதுதான் அதிலிருந்து தெரியும். தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஆங்கிலத்தைவிட நேரானது. பேச்சுத் தமிழை நன்றாகப் புரிந்துகொள்கிற பிள்ளை, தமிழ் எழுத்துகளைச் சொல்லித்தந்த பிறகும் கூட்டி வாசிக்கத் திணறினால் அந்தத் தகவலுக்கு மதிப்பு அதிகம்.

முழு மதிப்பீடு என்பது வேறு. பயிற்சி பெற்ற உளவியலாளர் உட்கார்ந்து, அறிவுத்திறன், வாசிப்பு, எழுத்து, கணக்கு எல்லாவற்றையும் தனித்தனியாகப் பார்ப்பார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. ஆனால் எட்டு வயதுக்கு முன் அதற்குச் சான்றிதழ் தரும் வழக்கம் இல்லை. ஆறு, ஏழு வயதில் பிள்ளைகள் வளரும் வேகம் ஆளுக்கு ஆள் அவ்வளவு மாறுபடும் என்பதே காரணம். ஒரே வகுப்பில் மூத்த பிள்ளைக்கும் இளைய பிள்ளைக்கும் கிட்டத்தட்ட ஒரு வருட வித்தியாசம் இருக்கலாம். இந்த வயதில் ஒரு வருடம் என்பது மிகப் பெரிது.

அதற்காக எட்டு வயது வரை கையைக் கட்டிக்கொண்டு உட்காராதீர்கள். உங்கள் கணவரோடு நான் வேறுபடுவது இங்கேதான். தினமும் கால்மணி நேரம், எழுத்தையும் ஒலியையும் சேர்த்துச் சொல்லி, சொல்லை அசை அசையாகப் பிரித்து, ஒரு சிறிய பக்கத்தைச் சத்தமாக அவனோடு வாசியுங்கள். குறைபாடு இருந்தால் இது முதல் சிகிச்சை. இல்லாவிட்டாலும் நஷ்டம் ஒன்றுமில்லை, நன்றாகப் படிக்கக் கற்றுக்கொள்வான். மூன்று, நான்கு மாதம் இப்படிச் செய்த பிறகும் முன்னேற்றம் தெரியாவிட்டால், அந்த விவரத்தோடு முழு மதிப்பீட்டுக்குப் போங்கள். இருபது நிமிடத் தேர்வைவிட அந்த விவரம் மருத்துவருக்குப் பயன்படும்.

ஒரு பரிசோதனை நல்லதா என்று கேட்டால், குறி விழுந்த பிறகு என்ன நடக்கும் என்றுதான் நான் முதலில் கேட்பேன். நம் அரசுப் பள்ளிகளின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளைச் சோதித்து அரும்பு, மொட்டு, மலர் என்று குழு பிரிக்கிறார்கள். எங்கே நிற்கிறார்களோ அங்கிருந்து சொல்லித்தரவே அந்தச் சோதனை. 1905இல் பாரிஸில் ஆல்ஃபிரெட் பினே தன் தேர்வை உருவாக்கியதும் யாருக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான். பின்னால் வந்தவர்கள் அதையே பிள்ளைகளின் அறிவுக்கு நிரந்தர முத்திரை ஆக்கினார்கள். உங்கள் பள்ளியிடம் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: குறி விழுந்த பிள்ளைகளுக்கு நீங்கள் என்ன கற்பித்தல் உதவி தரப்போகிறீர்கள்? பதில் இல்லையென்றால் அவர்கள் அந்தச் சோதனையை நடத்தியிருக்கவே கூடாது. பள்ளியை மாற்றச் சொல்வதை ஒரு பதிலாக ஏற்காதீர்கள்.

இனி அம்மாவின் விஷயம். முதலில் தம்பி பணம் கட்டிய செக்கப்; தேவையில்லாமல் தேடினால் என்ன ஆகும் என்று பாருங்கள். தென் கொரியாவில் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் போனவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் பணத்தில் கழுத்து ஸ்கேனும் எடுத்தார்கள். 1993இல் இருந்ததைப்போல 15 மடங்கு பேருக்கு 2011இல் தைராய்டு புற்றுநோய் என்று தெரியவந்தது. ஆனால் அந்த நோயால் இறந்தவர்களின் எண்ணிக்கை மாறவில்லை. வாழ்நாள் முழுக்கத் தொல்லையே தராமல் கிடந்திருக்கக்கூடிய சிறு கட்டிகளுக்காக ஆயிரக்கணக்கானவர்கள் கழுத்தில் அறுவை செய்துகொண்டு, ஆயுள் முழுக்க மாத்திரையோடு வாழ்கிறார்கள். வாசிப்புப் பயிற்சி தேவையில்லாத பிள்ளைக்கு அதைக் கொடுத்தால் கெடுதல் இல்லை. தேவையில்லாத அறுவை அப்படியல்ல.

தம்பி பணம் கட்டியதில் சினைப்பைப் புற்றுக்கான சிஏ-125 ரத்தப் பரிசோதனையும் இருக்கும் என்று நினைக்கிறேன். பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். சிஏ-125, ஸ்கேன் பரிசோதனைகளால் அந்தப் புற்றுநோய்ச் சாவு குறையவில்லை. தொந்தரவு எதுவும் இல்லாத பெண்ணுக்கு அது வேண்டாம். அந்தச் செக்கப்பில் உள்ள ரத்த அழுத்தமும் சர்க்கரையும் அவசியம் பார்க்க வேண்டியவை, ஆனால் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீட்டுக்கே வந்து அவற்றைப் பார்க்கிறார்கள்.

அம்மா வேண்டாம் என்று சொன்ன பரிசோதனைதான் மிக மதிப்புள்ளது. அதற்குச் சான்று திண்டுக்கல் மாவட்டத்திலேயே இருக்கிறது. அங்கே 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குப் பயிற்சி பெற்ற நர்ஸுகள் கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம், அதாவது வினிகர் போன்ற திரவம், தடவிப் பார்த்தார்கள். வெள்ளையாகத் திட்டு தெரிந்து, தகுந்ததாகவும் இருந்தால், அப்போதே உறையவைத்து அகற்றும் சிகிச்சை. 2007இல் வெளியான முடிவின்படி, ஒரே ஒரு முறை செய்த இந்தச் சோதனையால் அந்தப் புற்றுநோய் 25 விழுக்காடும் அதனால் வரும் சாவு 35 விழுக்காடும் குறைந்தன. நோய் ஆண்டுக்கணக்கில் மெதுவாக முற்றுகிறது, முற்றும் முன் கண்ணுக்குத் தெரிகிறது, தெரிந்ததும் எளிதாக அகற்ற முடிகிறது. மூன்றும் இங்கே பொருந்துகின்றன.

"நல்லாத்தானே இருக்கேன்" என்கிறவர்களுக்காகத்தான் இந்தப் பரிசோதனையே என்று அம்மாவிடம் சொல்லுங்கள். மாதவிடாய் நின்றிருந்தால் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே ஒதுங்கியிருக்கும், அதனால் பாப் ஸ்மியர் அல்லது எச்.பி.வி. சோதனை தகுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெட்கமாக இருந்தால் நீங்களும் கூடப் போங்கள், உங்களுக்கும் முப்பது தாண்டியிருந்தால் ஒரே நாளில் இருவரும் பார்த்துக்கொள்ளலாம். மாதவிடாய் நின்ற பிறகு ரத்தக்கசிவு, உறவுக்குப் பின் ரத்தம், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் என்று எது இருந்தாலும் எந்த முகாமுக்காகவும் காத்திருக்க வேண்டாம். பழைய பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்திருந்தாலும், அதே வாரத்தில் மகப்பேறு மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.