பக்கத்தில் வந்து உட்கார்

காரைக்குடி

அன்புள்ள மருமகனுக்கு,

நேற்று இரவு போனில் நீ கேட்டதற்கு அப்போதே ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் இது வாயால் சொல்லிப் புரியவைக்கிற விஷயம் இல்லை, கையில் காகிதம் வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன். படிக்கும்போது கிட்டாரைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

உன் குழப்பம் எனக்கு நன்றாகப் புரிந்தது. வகுப்பில் கொடுத்த தாளில் கார்டு படங்கள் செங்குத்தாக நிற்கின்றன. கடையில் வாங்கிய புத்தகத்தில் ஸ்கேல் படங்கள் படுத்துக் கிடக்கின்றன, மெல்லிய கம்பி மேல் கோடாக. நண்பன் கொடுத்த நோட்டிலும் அதே ஸ்கேல் படுத்துத்தான் இருக்கிறது, ஆனால் தடித்த கம்பி மேல் கோடாக. ஒன்றைப் பார்த்துப் பழகிய விரல் இன்னொன்றைப் பார்த்ததும் தடுமாறுகிறது. "எதுதான் சரி அயித்தை?" என்று கேட்டாய்.

இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பதில் இருக்கிறது. காரைக்குடி சகோதரர்கள் என்று வீணை உலகம் கொண்டாடிய இருவரைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். மூத்தவர் சுப்பராம ஐயர் (1883–1936), இளையவர் சாம்பசிவ ஐயர் (1888–1958). சாம்பசிவ ஐயர் 1952-ல் சங்கீத கலாநிதி ஆனவர், பிற்காலத்தில் கலாக்ஷேத்ராவில் வீணை கற்பித்தவர். இருவரும் சேர்ந்தே கச்சேரி செய்தார்கள். தம்பி எல்லாரையும் போல வீணையை மடியில் கிடத்தி வாசித்தார். அண்ணனோ வீணையைச் செங்குத்தாக நிறுத்திப் பிடித்து வாசித்தார். ஒரே மேடை, ஒரே கீர்த்தனை, ஒரு வீணை படுத்திருக்கிறது, ஒரு வீணை நிற்கிறது. பஞ்சமம் இருவருக்கும் 7-வது மெட்டில்தான் (நீங்கள் ஃப்ரெட் என்பதைத்தான் நாங்கள் மெட்டு என்கிறோம்) இருந்தது.

உன் தாளில் நிற்கிற படம் அண்ணனின் வீணை. உன் புத்தகத்தில் படுத்திருக்கிற படம் தம்பியின் வீணை. இந்த இரண்டுக்கும் சண்டையே இல்லை. இப்போதே சோதித்துப் பார். கார்டு தாளை எடு. மேலே இருக்கிற தடித்த கோடு கிட்டாரின் தலைப்பக்கத்து நட், இடது ஓரத்தில் இருப்பது தடித்த ஆறாம் கம்பி. தாளை இடது பக்கமாகக் கால் சுற்று திருப்பு. நட் இடது பக்கம் வந்துவிட்டது, தடித்த கம்பி அடியில் போய்விட்டது, மெல்லிய முதல் கம்பி மேலே வந்துவிட்டது. அப்படியே உன் புத்தகத்துப் படம்! கிட்டாரை மடியில் மல்லாக்கக் கிடத்திக் குனிந்து பார்த்தால் உன் கண்ணுக்குத் தெரிவதும் இதுதான்.

அதே தாளை எதிர்ப்பக்கமாக, வலது புறம் கால் சுற்று திருப்பினால் நட் வலது பக்கம் வரும், தடித்த கம்பி மேலே வரும். இது உனக்கு எதிரில் உட்கார்ந்து வாசிப்பவரின் கிட்டார். ஆக நிற்பது, மடியில் கிடப்பது, எதிரில் தெரிவது ஆகிய மூன்றும் ஒரே படம்தான். காகிதத்தைச் சுற்றினால் ஒன்று மற்றொன்றாகிவிடும்.

நண்பனின் நோட்டில் இருக்கும் நான்காவது வகைதான் வேறு சாதி. நட் இடது பக்கம், தடித்த கம்பி மேலே. காகிதத்தை எத்தனை முறை சுற்றினாலும் இது மற்ற மூன்றில் எதுவாகவும் ஆகாது. காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பின்பக்கமிருந்து பார், அப்போதுதான் ஆகும். ஏனென்றால் அது கண்ணாடிப் பிம்பம். கிட்டாரை வாசிக்கிற நிலையில் பிடித்துக்கொண்டு, அதன் கழுத்து மரமாக இல்லாமல் கண்ணாடியாக இருப்பதாக நினைத்துக்கொள். பின்னாலிருந்து ஊடுருவிப் பார்த்தால் தடித்த கம்பி மேலேயும் நட் இடது பக்கமும் தெரியும். அதை வரைந்தவர் தப்பாக வரையவில்லை, மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். இடது கைக்காரர்களின் கிட்டாருக்கு இந்தப் படம்தான் நேரான படம், அரைச் சுற்று திருப்பினால் அவர்கள் மடியில் கிடக்கும் கிட்டார் அப்படியே அதில் இருக்கும்.

ஆகவே எந்தப் படத்தைப் பார்த்தாலும் விரலை வைப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேள்: இதை வரைந்தவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்? நட் எந்தப் பக்கம், தடித்த கம்பி எந்தப் பக்கம் என்று இரண்டையும் பார்த்தால் அவர் இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

இதை நான் சிறுமியாக வீணை கற்ற நாளிலேயே கற்றுக்கொண்டேன். முதல் வாரம் என் குருவுக்கு எதிரில் உட்கார்ந்து அவர் கையைப் பார்த்துப் பார்த்து வாசித்தேன். அவர் கை என் வலது பக்கம் போனால் என் கையும் வலது பக்கம் போகும். அவர் தாரஸ்தாயியிலிருந்து இறங்குவார், நான் ஏறிக்கொண்டிருப்பேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தவர், தன் பாயின் ஓரத்தைத் தட்டி, "பக்கத்தில் வந்து உட்கார்" என்றார். அவ்வளவுதான். இரண்டு வீணைகளும் ஒரே திசையைப் பார்த்தன. அன்றைக்கே சரளி வரிசை நேரானது. கிட்டார் படத்துக்கும் அதைத்தான் செய்ய வேண்டும். வரைந்தவருக்கு எதிரில் உட்காராதே, அவர் பக்கத்தில் போய் உட்கார்.

சொற்களிலும் ஒரு பொறி இருக்கிறது. "மேல் கம்பி" என்று யாராவது சொன்னால் மூன்று அர்த்தம் உண்டு. கூரைக்கு அருகில் இருக்கும் கம்பியா? அது தடித்தது. ஒலியில் உயர்ந்த கம்பியா? அது மெல்லியது. காகிதத்தில் மேலே இருக்கும் கம்பியா? அது வரைந்தவரைப் பொறுத்தது. நம் வீட்டையே நினைத்துப் பார். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். முகப்பு வழியாக வளவுக்கு வருகிறவருக்கு வலது பக்க அறை, சமையல்கட்டிலிருந்து வருகிறவருக்கு இடது பக்க அறை. அதனால்தான் அப்பத்தா எப்போதும் "கிழக்குப் பக்கத்து அறை" என்றே சொல்லுவார். எங்கிருந்து வந்தாலும் கிழக்கு கிழக்குத்தான். கிட்டாருக்கும் அப்படிப்பட்ட சொற்களையே பழகிக்கொள்: மெல்லிய முதல் கம்பி, தடித்த ஆறாம் கம்பி, தலைப்பக்கம், குடப்பக்கம், எத்தனையாவது மெட்டு.

இந்தக் குழப்பம் உன் வகுப்பில் தொடங்கியது என்று நினைத்துவிடாதே. கிட்டாரின் உறவான லூட் என்ற வாத்தியத்துக்கு 1507-ல் வெனிஸ் நகரில் பெத்ருச்சி என்பவர் அச்சிட்ட புத்தகத்தில், மேல் கோடு தடித்த கம்பியைக் குறித்தது. வாசிப்பவர் கையில் எது கூரைப் பக்கம் இருக்கிறதோ அது காகிதத்திலும் மேலே. 1536-ல் ஸ்பெயினில் லூயிஸ் டி மிலான் என்ற கலைஞர் தன் புத்தகத்தில் அதைத் தலைகீழாக்கினார். அவருக்கு ஒலி உயர்ந்த மெல்லிய கம்பி மேல் கோடு. பிரெஞ்சுக்காரர்களும் மெல்லிய கம்பியையே மேலே வைத்தார்கள். கம்பிக்கு ஒரு கோடாக இன்று நீ பார்க்கும் டேப் எழுத்துமுறை அந்த வழியில் வந்தது. 500 ஆண்டுகளாக நல்ல கலைஞர்கள் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறார்கள்.

அப்படியானால் நீ எதைப் பிடித்துக்கொள்வது? ஸ்கேலுக்கு மடியில் கிடத்திய படத்தை எடுத்துக்கொள்: நட் இடது பக்கம், மெல்லிய கம்பி மேலே. காரணம் மூன்று. குனிந்து பார்த்தால் உன் கண்ணுக்குத் தெரிவது அதுவே. டேப் அதே வரிசையில் இருப்பதால் ஒன்றைக் கற்றால் இரண்டும் வரும். ஒலி உயர உயரக் காகிதத்திலும் வலது பக்கமும் மேலுமாக ஏறும். கார்டுகளை மட்டும் நின்ற படமாகவே வைத்துக்கொள், பெரும்பாலோர் அப்படியே எழுதுகிறார்கள், கால் சுற்றில் மாறிவிடும். உன் சொந்த நோட்டில் மட்டும் கண்ணாடிப் படம் ஒன்றுகூட வேண்டாம். நண்பனின் ஸ்கேல்களை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பி வரைந்துகொள். திருப்பி வரைகிற அந்த வேலையிலேயே பாதி பாடம் மனதில் ஏறிவிடும்.

இனி வாசிப்புக்கு வா. நாங்கள் வீணையில் தொடங்குவது போல நீயும் ஒரே கம்பியில் தொடங்கு. ஒரு கம்பிக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை, படம் வெறும் ஒரு கோடு. முதல் கம்பியை வெறுமனே மீட்டு, அதை ஸட்ஜம் என்று வைத்துக்கொள். 2-வது மெட்டு ரிஷபம், 4-வது காந்தாரம், 7-வது பஞ்சமம், 9-வது தைவதம், 12-வது மேல் ஸட்ஜம். இது மோகனம். உன் புத்தகம் இதை மேஜர் பென்டடானிக் என்று அழைக்கும். பெரும்பாலான கிட்டார்களில் 7, 9, 12 மூன்றிலும் புள்ளி வைத்திருப்பார்கள், கண்ணுக்கு அடையாளம் இருக்கிறது. என் வீணையிலும் மோகனம் 2, 4, 7, 9, 12 மெட்டுகளில்தான். வீணைக்கு 24 மெட்டு, ஒரு ஸ்தாயிக்கு 12. உன் கிட்டாருக்கும் ஸ்தாயிக்கு 12-தான்.

தையல் டேப் ஒன்றை எடுத்து அளந்து பார். நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம் 65 சென்டிமீட்டர் என்றால், 12-வது மெட்டு பாதியில், 32.5-க்கு அருகில் இருக்கும். 7-வதில் அழுத்தினால் கம்பியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சி அதிரும், அதனால்தான் அங்கே பஞ்சமம் கிடைக்கிறது. கம்பியின் இறுக்கம் மாறாதவரை அதன் நீளம்தான் ஸ்வரத்தைத் தீர்மானிக்கிறது. வீணையை நிறுத்தினாலும் கிடத்தினாலும் அந்த நீளம் மாறாது. சுப்பராம ஐயர் நிம்மதியாக வீணையை நிறுத்தி வாசித்தது அதனால்தான்.

ஒரு கம்பியில் ஒரு வாரம் பாடிக்கொண்டே வாசி. ஸ்வரப் பெயரை வாய் சொல்ல வேண்டும், விரல் அதைப் பின்தொடர வேண்டும். மூன்று காலங்களிலும் தடுமாறாமல் வந்த பிறகு ஆறு கம்பிகளுக்குப் போ. 2 முதல் 5 வரையான நான்கு மெட்டுகளுக்கு நான்கு விரல்கள், கை நகராது. இங்கே ஸட்ஜத்தை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்கிறோம்: ஆறாம் கம்பியில் 3 ஸ, 5 ரி. ஐந்தாம் கம்பியில் 2 க, 5 ப. நான்காம் கம்பியில் 2 த, 5 மேல் ஸ. மூன்றாம் கம்பியில் 2 ரி, 4 க. இரண்டாம் கம்பியில் 3 ப, 5 த. முதல் கம்பியில் 3 அதிதார ஸ, 5 ரி. இதைப் படமாக வரைகையில் வெறும் புள்ளி வைக்காதே, ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் ஸ்வர எழுத்தை எழுது. பெயர் எழுதிய புள்ளியை யார் தலைகீழாக நீட்டினாலும் நீ அடையாளம் கண்டுகொள்வாய்.

ஓர் இடத்தில் மட்டும் கவனம். ஒரு கம்பியின் 5-வது மெட்டும் அடுத்த மெல்லிய கம்பியின் வெறும் ஒலியும் ஒன்றாக இருக்கும்படிதான் கிட்டாருக்குச் சுருதி சேர்க்கிறார்கள். மூன்றாம் கம்பியிலிருந்து இரண்டாம் கம்பிக்குப் போகும்போது மட்டும் அது 4-வது மெட்டு. அதனால் ஆறாம் கம்பியில் 3-ல் இருக்கும் ஸட்ஜத்துக்கு மேல் ஸட்ஜம் இரண்டு கம்பி தள்ளி, இரண்டு மெட்டு தள்ளி இருக்கிறது. நான்காம் கம்பியில் 5-ல் இருக்கும் அந்த ஸட்ஜத்துக்கு அடுத்ததோ இரண்டு கம்பி தள்ளி, மூன்று மெட்டு தள்ளி 8-ல் இருக்கிறது. வடிவத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் இங்கேதான் தடுக்கி விழுவார்கள். ஸ்வரத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் காதைக் கேட்டு நகர்ந்துவிடுவார்கள்.

படத்தில் வராத ஒன்றும் உண்டு. வீணையில் நாங்கள் ஒரு மெட்டின் மேலேயே தந்தியை இழுத்து, அடுத்தடுத்த ஸ்வரங்களை அதிலிருந்தே எடுப்போம். இப்படி அசைத்து எடுக்கும் கமகம் இல்லாமல் மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களைத் தட்டினால் அது ஸ்கேல், ராகம் ஆகாது. படம் உனக்கு இடத்தைக் காட்டும். அந்த இடத்தில் ஸ்வரம் எப்படி நிற்க வேண்டும், எப்படி அசைய வேண்டும் என்பதை நல்ல வாசிப்பைக் கேட்டுக் கேட்டுத்தான் கற்க முடியும். தினமும் பயிற்சி முடிந்ததும் கால் மணி நேரம் யாராவது ஒரு பெரியவர் வாசித்ததைக் கேள்.

பொங்கல் விடுமுறைக்கு வரும்போது கிட்டாரையும் அந்த நோட்டையும் மறக்காமல் எடுத்து வா. என் வீணையை 3 கட்டைக்குச் சேர்த்து வைக்கிறேன். உன் முதல் கம்பியின் வெறும் ஒலியும் அதே சுருதிதான், ஸ்தாயி மட்டும் வேறு. வளவில் பாய் விரித்து வைப்பேன். எதிரில் உட்காராதே, பக்கத்தில் வந்து உட்கார். 2, 4, 7, 9, 12 என்று இரண்டு பேரும் சேர்ந்தே ஏறுவோம்.

இப்படிக்கு,
உன் அன்பு அயித்தை