பட்டறைக்கு ஏற்ற தரை

பெங்களூரில் எலெக்ட்ரானிக் சிட்டி இருக்கிறது. கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1978-இல் அதைத் தொடங்கியது. அங்கே வேலைக்குப் பலர் ஸ்கூட்டரில் போகிறார்கள். வண்டி பழுதானால் பட்டறை வேண்டும். வீட்டிலேயே பட்டறை வைக்கலாம். தரை எப்படி இருக்க வேண்டும்?

வழவழப்பான டைல்ஸ் அழகுதான். ஆனால் எண்ணெய் சிந்தினால் வழுக்கும். விழுந்து கை உடைந்தால் வேலை போகும். வருமானமும் போகும்.

மண் தரை எண்ணெயைக் குடிக்கும். கீழே விழுந்த திருகு கிடைக்காது.

பிளாஸ்டிக் விரிப்பில் வெல்டிங் பொறி பட்டால் கருகும்.

சிமென்ட் கான்கிரீட் தரை நல்லது. மேல்பகுதி சொரசொரப்பாக இருக்கட்டும். வாசல் பக்கம் சற்றுச் சரிவு வையுங்கள். 7 நாள் ஈரம் காயாமல் தண்ணீர் விடுங்கள். காய்ந்துவிட்டால் தரை வெடிக்கும்.

எண்ணெய் சிந்தியதா? உடனே மணல் போட்டுக் கூட்டுங்கள்.

உங்கள் பட்டறைத் தரை எப்படி? நான்கு வரி எழுதுங்கள்.