வருமான வரி: சென்ற வருடக் கழிவு இந்த வருடக் கணக்குக்கு உதவுமா?

"சென்ற வருடம் கழித்ததையே இம்முறையும் கழித்துக் கணக்கைக் கொடுத்தால் என்ன?" வியாபார நண்பர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. அவ்வாறு செய்ய முடியாது. எந்த மதிப்பாண்டில் உழைத்தோமோ, அந்த ஆண்டுக்குரிய கழிவையும் வீதத்தையுமே பயன்படுத்த வேண்டும். மதிப்பாண்டு என்பது ஏப்ரல் 1 முதல் அடுத்த மார்ச் 31 வரையாகும்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். கடை வாடகை, சம்பளம், மின்கட்டணம் முதலிய வியாபாரச் செலவுகள் போக, ஒருவரின் வருட இலாபம் 24 இலட்சம் ரூபா. வேறு வருமானம் இல்லை.

2018/19: தனிநபர் நிவாரணம் 5 இலட்சம். வரி 1,60,000 ரூபா.
2020/21: நிவாரணம் 30 இலட்சம். வரி இல்லை.
2023/24: நிவாரணம் 12 இலட்சம். வரி 1,26,000 ரூபா.
2025/26: நிவாரணம் 18 இலட்சம். மீதி 6 இலட்சத்துக்கு 6 வீதப்படி வரி 36,000 ரூபா.

இலாபம் ஒன்றுதான், வரியோ நான்கு விதம்.

சில வேளை ஆண்டின் நடுவிலேயே சட்டம் மாறும். 2023 ஜனவரி 1இல் நிவாரணம் 30 இலட்சத்திலிருந்து 12 இலட்சமாகக் குறைந்தது. எனவே 2022/23 கணக்கை இரண்டாகப் பிரிக்க வேண்டியிருந்தது. முதல் 9 மாதங்களுக்கு 22 இலட்சத்து 50 ஆயிரம், கடைசி 3 மாதங்களுக்கு 3 இலட்சம் என்றே நிவாரணம் கிடைத்தது.

இல்லாமற்போன கழிவுகளையும் அறிந்திருக்க வேண்டும். மருத்துவம், பிள்ளைகளின் கல்வி, வீட்டுக் கடன் வட்டி முதலியவற்றுக்காக வருடத்துக்கு 12 இலட்சம் வரை கழிக்கும் வசதி 2020 ஜனவரி முதல் 2022 டிசம்பர் வரையே இருந்தது. இன்றும் அந்தப் பற்றுச்சீட்டுகளைக் கோவையில் சேர்ப்பவர்கள் உண்டு. அவற்றால் வரி குறையாது.

2025/26இலும் தொடர்ந்த கழிவுகள் சில உள்ளன. கட்டடத்தை வாடகைக்குக் கொடுத்தால் வாடகை வருமானத்தில் 25 வீதம் நிவாரணமுண்டு. தேசிய மின்கட்டமைப்புடன் இணைத்த சூரிய மின்தகடுகளுக்கு வருடத்துக்கு 6 இலட்சம் வரை கழிக்கலாம். அங்கீகரிக்கப்பட்ட தர்ம ஸ்தாபனத்துக்குக் கொடுத்த பணத்தில் 75,000 ரூபா அல்லது வரிக்குரிய வருமானத்தின் மூன்றிலொன்று, இவற்றில் குறைந்ததைக் கழிக்கலாம். ஏழை ஒருவரின் கையில் நேரடியாகக் கொடுத்தது இதில் சேராது.

நிவாரணம் 30 இலட்சமாக இருந்த காலத்தில், "இனி நமக்கு வரி இல்லை" என்று கணக்குப் புத்தகத்தையே மூடிவைத்த வியாபாரிகளை எனக்குத் தெரியும். 2023இல் நிலைமை மாறியபோது, கொள்வனவுச் சிட்டையும் இல்லை, செலவுச் சிட்டையும் இல்லை. செலவை நிரூபிக்க முடியாதவருக்கு, உழைக்காத இலாபத்துக்கும் வரி விழலாம். எந்த நிவாரணமும் அந்த நட்டத்தை ஈடுசெய்யாது.

ஆகவே, வரி வந்தாலும் வராவிட்டாலும் கணக்கு எழுதுங்கள். தவணை வரிக்குரிய நாட்கள் ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. மீதி வரியைச் செப்டெம்பர் 30க்குள் செலுத்தி, விபரத்திரட்டை நவம்பர் 30க்குள் சமர்ப்பிக்க வேண்டும். ஒவ்வொரு ஏப்ரலிலும் அந்த ஆண்டுக்குரிய நிவாரணத் தொகையை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் கேட்டறிந்து, புதிய கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.