கைத்தடி எந்தக் கையில்?

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். ஒருத்தருக்கு வலது இடுப்பு மூட்டுல வலி. நடக்க ஒரு கைத்தடி கொடுக்குறீங்க. அதை எந்தக் கையில பிடிக்கணும்?

எங்க கிளாஸ்ல கேட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல "வலது கை"ன்னு சொன்னாங்க. வலிக்கிற பக்கம்தானே முட்டுக் கொடுக்கணும்! ஆனா சரியான பதில் இடது கை. ஏன்னு கொஞ்ச நேரத்துல கணக்குப் போட்டே பார்த்துடலாம். அதுக்கு ஃப்ரீ பாடி டயக்ராம் தெரிஞ்சா போதும், அரியர் வெச்சவங்களும் தைரியமா படிக்கலாம்.

இந்தக் கட்டுரை, புற்றுநோய் எலும்புக்குப் பரவினவங்களுக்கு வர்ற இடுப்பு வலி, முதுகு வலி பத்தினது. நான் எழுதக் காரணம் என் பெரியம்மா. மார்பகப் புற்றுநோய்க்கு சிகிச்சை முடிஞ்சு மூணு வருஷம் நல்லாத்தான் இருந்தாங்க. அப்புறம் இடுப்புல வலி. வாதம்னு நினைச்சுத் தைலம் தேய்ச்சாங்க. சுளுக்கு எடுக்கிறவர் ஒருத்தர் வந்து காலை இழுத்துவிட்டுப் போனார். வலி கூடிச்சு. ஆனா யார்கிட்டயும் சொல்லலை, எனக்கு செமஸ்டர் எக்ஸாம் நடக்குதுன்னு! கடைசியில எக்ஸ்ரே பார்த்த டாக்டர் முதல்ல சொன்னது, "இனிமே அந்தக் காலை ஊன்றாதீங்க."

எலும்புக்குள்ள என்ன நடக்குது?

எலும்பு காங்க்ரீட் மாதிரி போட்டா அப்படியே நிக்கிற பொருள் இல்லை. பழைய எலும்பைக் கரைக்கிற செல்கள் ஒரு பக்கம், புதுசாக் கட்டுற செல்கள் இன்னொரு பக்கம், வாழ்நாள் முழுக்க வேலை நடந்துக்கிட்டே இருக்கும். மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகிய இடங்கள்ல வர்ற புற்றுநோய் எலும்புக்குப் பரவுறது அதிகம். முதுகெலும்பு, இடுப்பெலும்பு, தொடை எலும்பின் மேல்பகுதி, இவைதான் அது அடிக்கடி போய்ச் சேர்ற இடங்கள். உடம்போட எடையைத் தாங்குற இடங்களும் இவைதான்.

அங்க போன புற்றுநோய் செல், கரைக்கிற செல்களைத் தூண்டிவிடுது. கட்டுறதைவிடக் கரையறது அதிகமானா எலும்புல குழி விழும். புராஸ்டேட் புற்றுநோய்ல பெரும்பாலும் இதுக்கு நேர்மாறா, ஒழுங்கில்லாம எலும்பு கூடுதலா வளரும். பார்க்க அடர்த்தியா இருந்தாலும் நல்ல எலும்போட வலு அதுக்குக் கிடையாது.

ஓட்டை விழுந்த பைப்

தொடை எலும்பு கிட்டத்தட்ட ஒரு ஹாலோ ஷாஃப்ட். அதோட சுவர்ல ஒரு ஓட்டை விழுந்தா என்ன ஆகும்? ஓட்டையோட ஓரத்துல ஸ்ட்ரெஸ் குவியும். வளைவைவிட முறுக்குக்கு இது ரொம்ப மோசம். மூடின குழாய்ல நீளமா ஒரு வெட்டுப் போட்டா அதோட டார்ஷன் வலு எவ்வளவு விழும்னு லேப்ல பார்த்திருப்பீங்க.

அதனாலதான் இவங்க விழாமலேயே எலும்பு முறியலாம். காலை ஊன்றின இடத்துலயே வெச்சு, "யாரு கூப்பிட்டது?"ன்னு உடம்பை மட்டும் திருப்புறதே சில நேரம் போதும். திரும்பணும்னா சின்னச் சின்ன அடியா எடுத்து வெச்சு, மொத்த உடம்போட திரும்பணும்.

எலும்பு முறியிற அபாயத்தை மதிப்பிட 1989ல மிரெல்ஸ் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார். எந்த இடம், எவ்வளவு வலி, கரைஞ்ச வகையா வளர்ந்த வகையா, எலும்போட அகலத்துல எத்தனை பங்கு போயிருக்கு, இந்த நாலுக்கும் 1 முதல் 3 வரை மார்க். மொத்தம் 12. 9 அல்லது அதுக்கு மேல வந்தா, முறியறதுக்கு முன்னாடியே உள்ள ராடு வெச்சுடுறது நல்லதுங்கிறது அந்த முறை. இதுல கவனிக்க வேண்டியது, அசையும்போது, காலை ஊன்றும்போது வர்ற வலிக்கு முழுசா 3 மார்க். அந்த வலியை மறைச்சா டாக்டருக்கு டேட்டாவே தப்பாப் போகுது.

இப்ப கைத்தடிக் கணக்கு

60 கிலோ எடையுள்ளவர் வலது காலால மட்டும் நிக்கிறார். ஊன்றின காலைக் கழிச்சா, இடுப்பு மூட்டு மேல இருக்கிறது சுமார் 50 கிலோ. அந்த எடை மூட்டுலேருந்து 10 செ.மீ. உள்பக்கமா இறங்குதுன்னு வெச்சுக்கோங்க. உடம்பு சாயாமப் பிடிக்கிற தசை மூட்டுக்கு வெளிப்பக்கம் 5 செ.மீ.ல இருக்கு. மொமென்ட் சமமாகணும்னா தசை 50 × 10 ÷ 5 = 100 கிலோ விசையில இழுக்கணும். மூட்டு மேல மொத்தம் 150 கிலோ! ஒவ்வொரு அடிக்கும் உடம்பு எடையைப் போல ரெண்டரை மடங்கு.

இப்ப இடது கையில தடி. மூட்டுலேருந்து 50 செ.மீ. தூரம். அதை வெறும் 5 கிலோ அளவுக்கு அழுத்துனா போதும், 250 மொமென்ட் கழிஞ்சுடும். தசைக்கு மிச்சம் 250 ÷ 5 = 50 கிலோ. மூட்டு மேல 50 + 50 − 5 = 95 கிலோ. 150 எங்கே, 95 எங்கே! தடியை வலது கையில பிடிச்சா இந்த நீளமான லீவர் ஆர்ம் கிடைக்காது. இது கோணங்களை விட்டுட்டுப் போட்ட எளிய கணக்குத்தான், ஆனா விஷயம் இதுதான். எலும்பு ரொம்ப மோசமா இருந்தா தடி போதாது, வாக்கர் வேணும். சிலருக்கு அந்தக் காலை ஊன்றவே கூடாது. அதைப் படம் பார்த்து டாக்டரும் பிசியோதெரபிஸ்டும்தான் சொல்லணும்.

முதுகுக்கு வாளிக் கணக்கு

10 கிலோ தண்ணி வாளியை உடம்புலேருந்து 40 செ.மீ. தள்ளித் தூக்குனா, 5 செ.மீ. ஆர்ம் உள்ள முதுகுத் தசை 80 கிலோ விசை கொடுக்கணும். அதே வாளி 20 செ.மீ. தூரத்துல இருந்தா 40 கிலோ. முள்ளெலும்புக்குப் பரவினவங்க வாளியே தூக்க வேண்டாம்னு வைங்க, ஆனா இதே கணக்கு குனிஞ்சு பெருக்குறதுக்கும், பேரப் பிள்ளையைத் தூக்குறதுக்கும் பொருந்தும்.

வீட்டுல உடனே செய்யக்கூடியவை:

- பாயில படுக்கை வேண்டாம், உயரமான கட்டில். குந்தி உட்கார வேண்டாம், வெஸ்டர்ன் டாய்லெட் அல்லது கமோட் நாற்காலி.
- எழுந்திருக்கும்போது நேரா நிமிராம, முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒண்ணா மரக்கட்டை உருள்ற மாதிரி பக்கவாட்டுல திரும்பி, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழணும்.
- பக்கவாட்டுல படுத்தா முழங்காலுக்கு நடுவுல தலையணை.
- வழுக்குற மிதியடி, தரையில கிடக்கிற சார்ஜர் ஒயர் எல்லாம் எடுத்துடணும். ராத்திரி பாத்ரூம் போற வழியில ஒரு சின்ன லைட்.
- பைக் பின் சீட்ல பயணம் வேண்டாம். ஒவ்வொரு வேகத்தடையும் முதுகெலும்புக்கு ஒரு இம்பாக்ட் லோடு.

அதுக்காகப் படுத்தே இருக்கணும்னு இல்லை. படுத்தே இருந்தா தசை கரையும், படுக்கைப் புண் வரும், காலில ரத்தம் உறையலாம். டாக்டர் அனுமதிச்ச அளவுக்கு அசைவு வேணும். சுளுக்கு எடுக்கிறது, நெட்டி முறிக்கிறது, அழுத்திப் பிடிச்சுவிடுறது, இது எதுவுமே பரவின இடத்துல கூடாது. இது யார் மேலயும் குறை சொல்ல இல்லை. நல்ல எலும்புக்குச் செய்யறதை ஓட்டை விழுந்த எலும்புக்குச் செய்யக்கூடாது, அவ்வளவுதான்.

மாத்திரை பயம்

மெடிக்கல் ஷாப்ல நம்மளே வாங்குற வலி மாத்திரைலதான் ஆபத்து அதிகம். டைக்ளோஃபெனாக், இப்யூப்ரோஃபென் போன்றவை சிறுநீரகத்தையும் வயித்தையும் பாதிக்கலாம். கீமோவால பிளேட்லெட் குறைஞ்சிருந்தா ரத்தக் கசிவு வரலாம், கீமோ நேரத்துல கவனிக்கவேண்டிய காய்ச்சலையும் மறைச்சுடும். பாரசிட்டமால் பல கூட்டு மாத்திரைகள்ல ஒளிஞ்சிருக்கும். ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாள் உச்சவரம்பு 4 கிராம், ஈரல் பாதிப்போ எடைக் குறைவோ இருந்தா அதைவிடக் குறைவு. அட்டையைத் திருப்பிப் பார்த்துக் கூட்டுங்க.

அடுத்தது மார்ஃபின். "மார்ஃபின் ஆரம்பிச்சுட்டாங்கன்னா முடிஞ்சுது"ன்னு பெரியம்மாவும் நினைச்சாங்க. உண்மையில, புற்றுநோய் வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 1986லேயே வெளியிட்ட படிக்கட்டு முறையில மார்ஃபின் முக்கியமான படி. எத்தனை நாள் இருப்பாங்கங்கிறதுக்கு அது அளவுகோல் இல்லை, வலி எவ்வளவுங்கிறதுக்குத்தான். வலி வந்த பிறகு இல்லாம கடிகாரம் பார்த்துக் கொடுக்கணும். கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து கட்டாயம். மெதுவா வேலை செய்யற வகை மாத்திரையைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது, திடீர்னு நிறுத்தவும் கூடாது. எழுப்பினாலும் எழாத தூக்கம், மூச்சு ரொம்ப மெதுவாகுறது, இது ரெண்டும் அவசர அறிகுறி. நம்ம நாட்டுல 1985 போதைப்பொருள் சட்டத்தால மார்ஃபின் கிடைக்கிறதே கஷ்டமா இருந்தது. 2014ல அந்தச் சட்டத்தைத் திருத்தி மருத்துவத் தேவைக்கு எளிமையாக்கினாங்க.

மாத்திரை தவிர, கதிர்வீச்சும் வலியைக் குறைக்கும். பலருக்கு ஒரே நாள்ல 8 கிரே கொடுத்தாலே போதுமானதா இருக்கு. முதல் சில நாள் வலி கூடலாம், பலன் தெரிய சில வாரம் ஆகலாம், அதனால "வேலை செய்யலை"ன்னு அவசரப்பட வேண்டாம். எலும்பு கரையறதைத் தடுக்க ஜோலெட்ரானிக் ஆசிட், டெனோசுமாப் ஊசிகள் உண்டு. போடுறதுக்கு முன்னாடி பல் டாக்டரைப் பார்த்துடணும். போட்ட பிறகு பல் பிடுங்குனா அரிதா தாடை எலும்பு ஆறாமப் போகலாம்.

இது வந்தா காலை வரைக்கும் காத்திருக்காதீங்க

முதுகுல புது வலி, அல்லது பட்டை கட்டின மாதிரி மார்பையோ வயித்தையோ சுத்தி வர்ற வலி. இருமினா, தும்மினா, படுத்தா கூடுற வலி. கால் வலுவிழக்கிறது, தடுமாற்றம். தொடையிடுக்கு, ஆசனவாய் பக்கம் மரத்துப் போறது. சிறுநீர் வராம நிக்கிறது, மலம் கட்டுப்பாடு போறது. இது தண்டுவடம் நசுங்குறதோட அறிகுறியா இருக்கலாம். உடனே 108. சிகிச்சை ஆரம்பிக்கும்போது நடக்க முடிஞ்சவங்கதான் பெரும்பாலும் தொடர்ந்து நடக்குறாங்க. ஒரு ராத்திரி தாமதத்துக்கு விலை ரெண்டு கால்.

திடீர்னு காலை ஊன்றவே முடியலைன்னா முறிவா இருக்கலாம், நடக்க வைக்காதீங்க. தாங்க முடியாத தாகம், வாந்தி, குழப்பமான பேச்சு வந்தா ரத்தத்துல கால்சியம் ஏறியிருக்கலாம், அதுவும் அவசரம்தான்.

நம்ம வேலை

வீட்டுல டாக்டர் சொல்றதைக் கேட்டு மொழிபெயர்க்கிற ஆள் பெரும்பாலும் நாமதான். ஒரு நோட்டு போடுங்க. நேரம், இடம், 0 முதல் 10க்குள்ள வலி எத்தனை, என்ன செய்யும்போது வந்தது, என்ன மாத்திரை, அரை மணி, ஒரு மணி கழிச்சு எத்தனை. "ரொம்ப வலிக்குது டாக்டர்"ங்கிறதைவிட இந்த ஒரு பக்கம் அதிகம் பேசும். வீட்டுக்கே வந்து பார்க்கிற ஆள் வேணும்னா, 2021ல தமிழ்நாட்டுல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வலிநிவாரண ஆதரவுச் சேவையும் பிசியோதெரபியும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க.

பெரியம்மாவுக்கு ராடு வெச்சாங்க, கதிர்வீச்சு ஒரு தடவை. நோய் போகலை, ஆனா வாசல் வரைக்கும் இடது கையில தடியோட நடக்குறாங்க. தினமும் ராத்திரி ஹாஸ்டல்லேருந்து கூப்பிடுவேன். முன்னாடி "எப்படி இருக்கீங்க பெரியம்மா?"ன்னு கேட்டா "நல்லா இருக்கேன்டா, நீ படி"ன்னு வெச்சுடுவாங்க. இப்ப "எத்தனை?"ன்னு மட்டும் கேட்கிறேன்.

நேத்து "மூணு"ன்னாங்க. அதுக்கு முன்னாடி வாரம் ஒரு நாள் "ஆறு"ன்னாங்க, மறுநாளே டாக்டர் மருந்தளவை மாத்தினார். அந்த "ஆறு"ங்கிற ஒரு வார்த்தையைச் சொல்ல அவங்களுக்கு எட்டு மாசம் ஆச்சு.

உங்க வீட்டுலயும் யாராவது "நல்லா இருக்கேன்"னு சொல்லிட்டு இருந்தா, இன்னைக்கு ராத்திரி நம்பரைக் கேளுங்க.